கிருபாபாயின் ட்ரேயும் முன்கூட்டி வந்த வெள்ளிக்கிழமையும்

நர்ஸ் வேலையை விட்டபோது கிருபாபாய்க்கு இருபத்தொன்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெருத்த நோயாளிகளைப் புரட்டிப் புரட்டியே அவளுடைய முதுகெலும்பில் ஒரு வட்டு விலகிவிட்டது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவள் அழவில்லை. தூக்க வேண்டாத வேலை என்னென்ன இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

கணவன் ஐயாதுரை பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மதுரையில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள் என்று செய்தித்தாளில் பார்த்து வந்து சொன்னது அவர்தான். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது. உட்கார்ந்து செய்கிற வேலை என்பது மட்டும் விளம்பரப் படத்தில் தெரிந்தது. அதுவே போதும் என்று அவள் சேர்ந்துவிட்டாள். அது எண்பத்தாறாம் வருஷம். தினமும் பஸ்ஸில் போய்வந்து, யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டில் ஓடும் மெஷின்களுக்கு சி என்ற மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் அப்போதுதான் கல்லூரி முடித்த பிள்ளைகள். யாருக்காவது தலை சுற்றினால் நாடி பிடித்துப் பார்ப்பதும் அவள் வேலையாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் இராஜபாளையத்தில் வேலை கிடைத்தது. பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் ராஜரத்தினம் என்பவர் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருந்தார். நூல் மில்களுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதிக் கொடுப்பது தொழில். ஒவ்வொரு நாளும் எந்த ரக நூல் எத்தனை மூட்டை கட்டினார்கள், ஒவ்வொரு மூட்டையும் என்ன எடை, எது வெளியே போனது என்று மில்லுக்கு உடனுக்குடன் சொல்ல வேண்டும். எடை மெஷினிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு வரும். மூட்டையைத் தூக்கி வைத்ததும் எடை தானாகத் திரையில் விழும். முதல் மில்லுக்கு அந்த நிரலை எழுதியவர்களில் கிருபாபாயும் ஒருத்தி. அது நன்றாக ஓடியது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

சந்தோஷம் இரண்டாவது மில் வரைக்கும்தான் நின்றது. அங்கே வேறு கம்பெனி மெஷின். அதுவும் யூனிக்ஸ்தான், ஆனால் பெயரில் மட்டுமே ஒற்றுமை. முதல் மெஷினில் சாதாரண எண் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டினால் முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டுக்கொள்ளும். இரண்டாவது மெஷின் கோடிக் கணக்கில் தாராளமாகப் போகும். ஒன்று எண்ணை வால் முதலாக எழுதி வைக்கும், மற்றது தலை முதலாக எழுதி வைக்கும். எடை மெஷின் வயரிலிருந்து எழுத்தை வாங்குகிற முறை இரண்டிலும் வேறு வேறு. அழகாக ஓடிய நிரலை அக்கக்காகப் பிரித்து ஐந்து மாதம் திரும்ப எழுதினாள். கடைசி நாள் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, இந்தக் கூத்தை மூன்றாவது முறை ஆடுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டாள்.

வழி அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கிடைத்தது. ஒவ்வொரு வார்டிலும் கத்தரிக்கோல் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஆண்கள் வார்டில் அலமாரியின் மேல்தட்டில், பிரசவ வார்டில் மேஜை இழுப்பறையில், குழந்தைகள் வார்டில் பிள்ளைகளுக்கு எட்டாத ஜன்னல் விளிம்பில். புது நர்ஸ் கட்டைப் பிரித்துக் காயத்தைத் திறந்து போட்டுவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடுவாள். பழகிய நர்ஸ் வார்டுக்குள் நுழையும் முன்பே ட்ரேயை அடுக்கிக்கொள்வாள். கத்தரி, பஞ்சு, மருந்து, துணி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அதன் பிறகு எந்த வார்டாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

கிருபாபாய் நிரலுக்கும் அப்படி ஒரு ட்ரே செய்தாள். மெஷினுக்கு மெஷின் மாறுகிற சமாச்சாரங்களையெல்லாம் மேல் நிரலிலிருந்து பிடுங்கி எடுத்து ஒரு தனித் தொகுப்பில் வைத்தாள். எடை வேண்டும் என்றால் நிரல் ட்ரேயிடம் கேட்கும். இந்த மெஷினில் அந்த எடையை எப்படி வாங்குவது என்பது ட்ரேயின் கவலை. கம்ப்யூட்டர்காரர்கள் இப்படிப்பட்ட தொகுப்பை நூலகம் என்பார்கள். ஆனால் இராஜபாளையத்தில் நூலகம் என்றால் பேப்பர் படிக்கப் போகிற இடம் என்பதால் ட்ரே என்ற பெயரே நிலைத்துவிட்டது. புது மெஷினுக்குப் போனதும் ட்ரே முதலில் எதையும் நம்பாது. உன் எண் எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கமிருந்து எழுதுவாய், வயரைக் கேட்க எந்த வழி வைத்திருக்கிறாய் என்று சின்னச் சின்னச் சோதனைகள் செய்து பார்த்து, கிடைத்த பதிலுக்கு ஏற்றபடி தன்னைக் கட்டிக்கொள்ளும். அட்மிஷன் போட வந்தவரின் சூடும் நாடியும் பார்க்காமல் யாராவது ஊசி போடுவார்களா என்று கேட்பாள்.

மில்லில் இருக்கிறவர்களே ட்ரேயைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ‘கட்டு’ என்று ஒரு கட்டளையும் எழுதினாள். அது உள்ளே என்ன செய்யும் என்றால், திருத்திய பகுதிகளை மட்டும் பார்த்து மறுபடி மெஷின் மொழிக்கு மாற்றும். திருத்தாததைத் தொடாது. மாற்றும்போது கம்ப்யூட்டர் சரமாரியாக இங்கிலீஷில் பேசும். அதைப் பார்த்து ஆபரேட்டர்கள் மிரண்டார்கள். எனவே அதன் வாயை மூடி, கடைசியில் ‘முடிந்தது’ என்று ஒற்றை வார்த்தை மட்டும் வரும்படி செய்துவிட்டாள்.

தொண்ணூற்றிரண்டில் மூன்றாவது மில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் புது மில். அங்கே மூன்றாவது கம்பெனியின் மெஷின். இதே நேரத்தில் கோயம்புத்தூர் பக்கமிருந்தும் சில மில்கள் ராஜரத்தினத்தைக் கூப்பிட்டன. அவர் நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்து, படியேறி வருவதற்குள் பேசி முடித்துவிடுவார். ட்ரே செய்ய அவளுக்கு ஒரு வருஷம் கொடுத்ததே தன் சுபாவத்துக்கு மீறின காரியம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் கணக்கு எளிமையானது. ட்ரே மூன்றாவது மெஷினில் நின்றால், கோயம்புத்தூருக்கு நிரலைப் பதிந்த ஒரு டேப் மட்டும் பஸ்ஸில் போகும். அங்கே இருக்கிறவர்கள் ஏற்றிக்கொள்வார்கள். நிற்காவிட்டால் பழையபடி ஓர் ஆள் மில்லோடு மில்லாக உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த ஆள் கிருபாபாய்தான். ஒரு மில்லுக்கு ஆறு மாதம் என்று வைத்தாலும் இரண்டு மூன்று வருஷம் கோயம்புத்தூரில் இருக்க வேண்டும். அவளுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள். ஐயாதுரைக்குப் பள்ளிக்கூடத்தை விட முடியாது. போக முடியாது என்று அவள் சொன்னால் வேலையை விட வேண்டியதுதான். அவர் மிரட்டவில்லை. இருக்கிற நிலைமையைச் சொன்னார். அவளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

“அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மில்லுக்கு வாரேன். ஓடிச்சுன்னா டேப் போகட்டும். ஓடலைன்னா நீதான் போகணும், பாத்துக்கோ” என்றார்.

அவள் செவ்வாய்க்கிழமை காலையில் டேப்போடு மில்லுக்குப் போனாள். கூட சுடலைமாடத்தி. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலைப் பக்கம் வீடு. ராஜரத்தினத்தின் கம்பெனியில் தட்டச்சு செய்ய வந்து ஆபரேட்டர் ஆனவள். கையும் வேகம், வாயும் வேகம். புது மெஷினுக்குப் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றவில்லை. முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார்.

ஆவுடையப்பன் அந்த மில்லின் ஸ்டோர் இன்சார்ஜ். சட்டைப் பையில் பாக்கெட் பஞ்சாங்கம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. புது இயந்திரம் ஓட்டுவதானாலும், புதுப் பஞ்சுப் பொதியைப் பிரிப்பதானாலும், அவர் நேரம் சொல்லித்தான் நடக்கும். முதலாளியே அவரைக் கேட்டுத்தான் கார் வாங்கினார். அவருடைய தீர்ப்பு உடனே வந்தது.

“இன்னைக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. தேய்பிறை வேற. இந்த வெள்ளி இல்ல தாயி, அதுக்கு அடுத்த வெள்ளி. ஆனி பொறந்து வளர்பிறை. ஒம்பதுக்கு மேல, பத்தரைக்குள்ள. அதுவரைக்கும் இதுல ஒரு பொத்தானை அமுக்க விட மாட்டேன்.”

அந்த அடுத்த வெள்ளிக்கிழமைதான் ராஜரத்தினம் வருகிற நாள். பத்து நாளும் நாற்காலியில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கிருபாபாய் வாதம் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில், கிழக்குப் பார்த்துத்தான் மாத்திரை விழுங்குவேன் என்கிற நோயாளியிடம் வாதம் செய்தால் மாத்திரை உள்ளே போகாது. கட்டிலைத் திருப்பிப் போடுவதுதான் சுலபம்.

“அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை ஒம்பதேகால் ஆயிட்டுதுன்னா சரிதானே?” என்று கேட்டாள்.

“அதான் சொல்லுதேனே.”

மெஷினைப் போடாமல் எப்படி நேரம் பார்ப்பது என்று கேட்டு, போடுவதற்கு மட்டும் அனுமதி வாங்கினாள். போட்டாள். மெஷினுக்குள் இருக்கிற தேதியைப் பத்து நாள் தள்ளி, அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் என்று மாற்றினாள். திரையில் அது பளிச்சென்று வந்தது. வேலை நடக்கப்போவது மெஷினுக்குள்தான், மெஷினுக்குள் இப்போது வெள்ளிக்கிழமை என்று விளக்கினாள்.

ஆவுடையப்பன் கண்ணாடியை மாற்றிப் போட்டுத் திரையைப் பார்த்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். நேரம் ஓடுகிறதா, இல்லை படமா என்று மாடத்தியிடம் கேட்டார். ஓடுகிறது என்றாள். மில்லில் அன்றைக்கு எடை போடாமல் நூற்றுக்கணக்கில் மூட்டைகள் குவிந்து கிடந்தது அவருக்கும் தெரியும்.

“நாள் வந்துட்டுதுன்னா நான் என்ன சொல்லப் போறேன்” என்று எழுந்து, கற்பூரம் கொண்டுவரச் சொன்னார்.

ஆவுடையப்பன் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். கிருபாபாய் தலையைத் தாழ்த்தித் தன் கர்த்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டேப்பை ஏற்றினாள். ட்ரே கேள்விகளைக் கேட்டது, மெஷின் பதில் சொன்னது, ட்ரே தன்னைக் கட்டிக்கொண்டது. அதற்குக் கால் மணி நேரம் ஆனது. ‘முடிந்தது’ என்று வந்ததும் கிருபாபாய் மறக்காமல் தேதியைத் திருப்பிச் செவ்வாய்க்கிழமைக்குக் கொண்டுவந்தாள். மூட்டைகளில் இன்றைய தேதி விழ வேண்டுமே. எல்லாம் முறைப்படி செய்தாயிற்று என்று நினைத்தாள்.

மதியத்துக்கு மேல் முதல் மூட்டையை எடைத் தட்டில் வைத்தார்கள். திரையில் ஐந்து என்று வந்தது. மூட்டை ஐம்பத்தொரு கிலோ சொச்சம். அடுத்த மூட்டைக்கு, முந்தின மூட்டையின் மிச்ச எண் வந்தது. அதற்கடுத்ததற்கு ஒன்றுமே வரவில்லை.

அவள் பதறவில்லை. நோய் என்னவென்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். பழைய மெஷின்கள் இரண்டும் எடை முழுதும் வந்து சேர்ந்த பிறகே கையில் கொடுக்கும். இது அவசரக்காரி. வயரில் ஒவ்வோர் எழுத்து வர வர, வந்ததை வந்தபடி கொடுத்துவிடும். ட்ரே அதுதான் எடை என்று நம்பி வாங்கிக்கொள்கிறது. முழுதும் வரும்வரை காத்திரு என்று நாலு வரி எழுதினால் போதும். எழுதினாள். ‘கட்டு’ போட்டாள். ‘முடிந்தது’ என்று வந்தது. மூட்டையை வைத்தார்கள். திரையில் ஐந்து.

புதன்கிழமை வேறு மாதிரி எழுதிப் பார்த்தாள். அதே ஐந்து. வியாழக்கிழமை மூன்றாவது வைத்தியம். அதே ஐந்து. நிரல் அந்த இடத்துக்கு வருகிறதா என்றே தெரியவில்லையே என்று, ‘வந்துவிட்டேன்’ என்று திரையில் சொல்லும்படி ஒரு வரி நடுவில் சொருகினாள். அந்த வரி திரைக்கு வரவேயில்லை. அதிலிருந்து, மெஷின் அந்தப் பக்கமே போகாமல் வேறெங்கோ சுற்றுகிறது என்று முடிவு கட்டி, இல்லாத அந்த வேறெங்கோவைச் சனிக்கிழமை வரைக்கும் தேடினாள்.

மாடத்திக்கு மட்டும் புது மெஷின் பிடித்துப்போனது.

“யக்கா, இது எம்புட்டு வேகம் பாத்தீகளா. பழைய மெஷின்ல கட்டு போட்டா டீ குடிச்சிட்டு வரலாம். இது கண்ணு மூடுததுக்குள்ள முடிஞ்சதுங்குது.”

புது மெஷின் அப்படித்தான் இருக்கும் என்று கிருபாபாயும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதும் அவள் காதில் எதுவும் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஐயாதுரை, கோயம்புத்தூரில் தண்ணீர் நன்றாக இருக்கும் என்கிறார்கள், குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கலாமா என்று கேட்டார். ஆறுதலாகத்தான் கேட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் மீன் குழம்பில் புளி கூடிப்போனது.

அடுத்த வாரம் வயரை மாற்றினார்கள். எடை மெஷின்காரர் வந்து பார்த்து, தன் சரக்கில் குற்றமில்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். மூட்டைகளைப் பழையபடி கையால் எழுதினார்கள். ஆவுடையப்பன் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் பஞ்சாங்கத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். அது சொல்வதைவிட மோசமாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மாடத்தி, கோயம்புத்தூருக்குத் தன்னையும் கூட்டிக்கொண்டு போவார்களா, அங்கே சினிமாத் தியேட்டர் எத்தனை இருக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“ஏட்டி, வாயை மூடிட்டு மூட்டையை எண்ணு” என்றாள் கிருபாபாய்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்து மணிக்கு ராஜரத்தினம் வருவார். ஒன்பதே முக்காலுக்குக் கிருபாபாய் ஒரு காரியம்தான் செய்தாள். போகிற போக்கில் அறையைத் துடைத்து வைப்பதுபோல, திரைக்கு வராத அந்த ‘வந்துவிட்டேன்’ வரியை எழுதிய இடத்தைத் திறந்தாள். எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். அதற்கு முன் கடைசியாக ஒரு முறை, அதில் நேரத்தையும் சேர்த்து எழுதி, ‘கட்டு’ போட்டாள்.

இந்த முறை கண் மூடுவதற்குள் முடியவில்லை. மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. மாடத்தி, மெஷினுக்கு இன்றைக்கு என்ன, உடம்பு சரியில்லையா என்றாள். ஒரு வழியாக ‘முடிந்தது’ வந்தது. மூட்டையை வைத்தார்கள்.

‘வந்துவிட்டேன்’ என்று திரை சொன்னது. அதன் கீழே ஐம்பத்தொன்று புள்ளி நாலு.

அடுத்த மூட்டை ஐம்பது புள்ளி ஒன்பது. அடுத்தது ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. ராஜரத்தினம் உள்ளே வரும்போது மூட்டைகள் வரிசையாக எடை சொல்லிக்கொண்டிருந்தன. ஆவுடையப்பன் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“வெள்ளிக்கெழம. வளர்பிறை. மணி பத்து. நான் வேற என்ன சொல்லணும்?” என்றார் பொதுவாக.

ராஜரத்தினத்துக்குக் காரணமெல்லாம் தேவைப்படவில்லை. ஓடுகிறது, அது போதும். டேப்பைக் கொடு, மத்தியானமே கோயம்புத்தூர் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்று கையை நீட்டினார். பத்து நாளாக அவள் எதற்காகத் தவித்தாளோ அது கை நீட்டி நின்றது. கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கிருபாபாய் டேப்பைக் கொடுக்கவில்லை.

“காய்ச்சல் தானா எறங்கினா டிஸ்சார்ஜ் பண்ண மாட்டோம் சார். ஏன் ஏறிச்சு, ஏன் எறங்கிச்சுன்னு தெரியணும். சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்க.”

“தெரியலைன்னா?”

“தெரியலைன்னா பெட்டியைக் கட்டிட்டுக் கோயம்புத்தூர் போறேன்.”

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, ஓடுகிற வண்டியை நிறுத்தி எஞ்சினைப் பிரிக்கிற ஒரே ஆள் நீதான் என்று சொல்லிவிட்டு, கேன்டீனில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிப் போனார்.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமென்றால் முதலில் பார்ப்பது, எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள் என்பதைத்தான். ட்ரேயில் உள்ள ஒவ்வொரு பகுதியும் கடைசியாக எப்போது மாறியது என்று காட்டும்படி மெஷினைக் கேட்டாள். வரிசையாக வந்தது. எழுதிய பகுதிகளில் அவள் ஒவ்வொன்றையும் கடைசியாகத் திருத்திய நாள் சரியாக இருந்தது. அவற்றிலிருந்து மாற்றிக் கட்டிய பகுதிகளில் முக்கால்வாசிக்கு ஒரே தேதி. வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி முப்பத்தெட்டு நிமிடம். இன்றைய வெள்ளிக்கிழமை.

ஆனால் அவற்றை அவள் இன்றைக்குக் கட்டவில்லை. பத்து நாளைக்கு முன்னால், தேங்காய் உடைத்த அன்றைக்குக் கட்டினாள்.

கிருபாபாய் சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள். முதுகு வலித்ததால் நிறுத்திவிட்டு, மறுபடி சிரித்தாள். மாடத்தி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

‘கட்டு’ என்பது திருத்திய பகுதியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தேதியை வைத்துத்தான். எழுதியது கட்டியதைவிடப் புதிதாக இருந்தால் மறுபடி கட்டும். பழையதாக இருந்தால் விட்டுவிடும். முதலில் கட்டியது எல்லாம் அடுத்த வெள்ளிக்கிழமைத் தேதியில் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் புதன்கிழமை திருத்தினால் என்ன, வியாழக்கிழமை திருத்தினால் என்ன, மெஷினின் கணக்குப்படி எல்லாம் பழசு. எதையும் அது கட்டவில்லை. பத்து நாளும் முதல் செவ்வாய்க்கிழமை ட்ரேதான் ஓடிக்கொண்டிருந்தது. ‘கட்டுவதற்கு ஒன்றுமில்லை’ என்று மெஷின் ஒவ்வொரு முறையும் இங்கிலீஷில் சொல்லித்தான் இருக்கிறது. அந்த வாயை மூடி ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்ல வைத்தவள் அவள்தான். இன்றைக்கு உண்மையான வெள்ளிக்கிழமை ஒன்பது முப்பத்தெட்டைத் தாண்டியதும், அவள் தொட்ட பகுதி முதல்முறையாகக் கட்டப்பட்டது.

மீதி வேலை சுலபம். மூன்று வைத்தியமும் அந்த ஒரே பகுதியில்தான் இருந்தன, எது குணப்படுத்தியது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துக் கட்டிப் பார்த்தாள். முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எழுதிய நாலு வரியே போதுமானதாக இருந்தது. மற்ற இரண்டையும், அந்த ‘வந்துவிட்டேன்’ வரியையும் குப்பையில் போட்டாள். ‘கட்டு’ கட்டளையின் வாயைத் திறந்துவிட்டாள். அது கட்டினால் கட்டினேன் என்றும், கட்டாவிட்டால் கட்டவில்லை என்றும் சொல்ல ஆரம்பித்தது. எதிர்காலத் தேதியில் ஏதாவது கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டுச் சத்தம் போடும்படியும் ட்ரேக்குச் சொல்லிக் கொடுத்தாள். ராஜரத்தினம் கேன்டீனிலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்து டேப்பில் ஏறிக்கொண்டிருந்தது.

நடந்ததைச் சொன்னாள். ராஜரத்தினம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்து, எல்லாக் கெடுதலும் உம்முடைய நல்ல நாளால்தான் ஓய் வந்தது என்றார்.

ஆவுடையப்பன் கொஞ்சமும் அசரவில்லை. அவர் நூல் சுற்றுகிற ஒரு கதிர் உருளையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

“நாளு என்னய்யா செஞ்சுது? அது வர வேண்டிய அன்னைக்கு வந்துச்சு. வந்த ஒடனே ஓட வெச்சுது. அது வரதுக்கு முன்னாலயே இந்த நர்ஸம்மா அதைத் திருடிக் கொண்டாந்து செலவழிச்சிட்டாக. திருட்டு நாளு எங்கயாச்சும் வெளங்குமா?”

கிருபாபாய் அதை மனதுக்குள் ஒரு முறை சரிபார்த்தாள். அந்த ஆள் சொன்னதில் தொழில்நுட்பப் பிழை ஒன்றுகூட இல்லை.

“அண்ணாச்சி, அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே.”

“கற்பூரம் ஏத்தினவன் நான். நான் எப்படித் தாயி சொல்லுவேன்?” என்றார் அவர்.

டேப் அன்றைக்கு மத்தியானப் பஸ்ஸிலேயே போனது. கூடவே ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்தாள். எந்தக் காரணத்துக்காகவும் மெஷினின் தேதியைத் தொட வேண்டாம் என்பது முதல் வரி.

அடுத்த வாரம் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேதக்கோயிலுக்குப் போகிற வீடானாலும் வாசலில் வேப்பிலை சொருகி, அக்கம்பக்கத்தார் சொன்னபடி இளநீரும், தான் படித்தபடி மருந்துமாகக் கொடுத்துக்கொண்டு கிருபாபாய் வேலைக்குப் போகாமல் இருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து என்ன சேதி என்று கேட்க வீட்டில் போன் கிடையாது. அங்கே அழைத்துப்போக ஆள் வந்துவிடுவானோ என்று, தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாள் ஆபீசுக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போதே, கோயம்புத்தூர் என்னவாயிற்று என்று மாடத்தியைக் கேட்டாள்.

மாடத்தி தட்டச்சிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அதுவா? போன செவ்வாக்கெழமையே ஏத்திட்டாங்க யக்கா. பொறவு ரெண்டாவது மில்லுலயும் ஏத்திட்டாங்களாம். ஒங்கள யாரும் கேக்கலை.”

கிருபாபாய் பையை மேஜையில் வைத்தாள்.

“என்னட்டி சொன்ன?”

“ஒங்கள யாரும் கேக்கலைன்னேன்.”

கிருபாபாய் நாற்காலியை முதுகுக்கு வாகாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாடத்தியிடம் காசைக் கொடுத்து அவளுக்கும் சேர்த்து இரண்டு டீ வாங்கி வரச் சொன்னாள்.